அப்பாவின் ரம்ப மிஷின்

ஜனவரி 4

மழை முடிந்து பட்டறையைத் திறந்தேன். அக்கா வீட்டு ஜன்னலுக்குத் தேக்குச் சட்டம் அறுக்க வேண்டும். முப்பது வருஷத்து மிஷின். வார்ப்பிரும்பு மேசை, 12 அங்குல பிளேடு, அடியில் 2 ஹெச்பி மோட்டார். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, பிளேடு அசையவில்லை. உடனே அணைத்துவிட்டேன், விட்டுவைத்தால் காயில் கருகிவிடும்.

மோட்டார் கிளம்ப உந்துதல் தரும் கெபாசிட்டர் போயிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். புதிதாக வாங்கி மாட்டியும் அதே உறுமல்.

ஜனவரி 5

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே மரத்தூள் அடை அடையாக இருந்தது. சென்ட்ரிபியூகல் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. மோட்டார் நிற்கும்போது அதன் இரண்டு முனைகளும் ஒட்டியிருக்கும்; ஸ்டார்டிங் காயிலுக்குக் கரண்ட் அதன் வழியாகத்தான் போகும். வேகம் பிடித்ததும் பிரிந்துவிடும். அந்த முனைகளுக்கு நடுவே ஈரத்தூள் இறுகிக் கிடந்தது. பிரஷ்ஷால் தட்டி, நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். முதல் தடவையிலேயே ஓடியது. கெபாசிட்டர் காசு வீண்தான், பரவாயில்லை.

ஜனவரி 7

ஓடுகிறது, ஆனால் மேசையே அதிர்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்த பெல்ட், அந்த வளைவிலேயே விறைத்துவிட்டது. புது பெல்ட் போட்டதும் அதிர்வு அடங்கியது. மேசைத் துருவை டீசல் தொட்டுத் தேய்த்து எடுத்து, துடைத்து, மெழுகுவர்த்தி பூசினேன். கட்டை இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது.

ஜனவரி 9

இன்றுதான் உண்மையான வேலை. அறுத்த தேக்கில் ஒரு பக்கம் கருகிய கோடு. பிளேடு மழுங்கிவிட்டது, சாணைக்குக் கொடு என்றார்கள். அப்பா மட்டும், "மட்டம் பாத்தியாடா?" என்றார். மேசையில் வெட்டியிருக்கும் நேர்ப் பள்ளத்துக்கு இணையாகப் பிளேடு நிற்கிறதா என்று கேட்கிறார்.

பார்த்தேன். பிளக்கை எடுத்துவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸ் குறி வைத்தேன். மேசைப் பள்ளத்தில் ஆடாமல் ஓடும் ஒரு ரீப்பர் கட்டையில் திருகு ஒன்றை முடுக்கி, முன்பக்கம் அந்தப் பல்லைத் தொடும்படி வைத்தேன். பிறகு அதே பல்லைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்து, ரீப்பரையும் அங்கே தள்ளினேன். வேறு பல்லை அளந்தால் பிளேடின் கோணலும் கணக்கில் சேர்ந்துவிடும். பின்னால் மூன்று விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தது. ஒரு மில்லிமீட்டர் இருக்கும். பிளேடு கோணலாக நின்றால் அதன் பின்பகுதி, அறுபட்ட மரத்தை உரசிக்கொண்டே இருக்கும்; கருகாமல் என்ன செய்யும்?

ஷாஃப்டைத் தாங்கும் பிளம்மர் பிளாக் போல்ட்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் அளந்து பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. போல்ட்டை முறுக்கும்போது மறுபடி நகர்ந்ததால் இன்னொரு அரை மணி. கடைசியில் ஒரு கார்டுகூட நுழையவில்லை. கட்டையை அணைத்துத் தள்ளும் கைடையும் பள்ளத்துக்கு நேராக வைத்தேன்.

அதே பிளேடுதான். கோடு இல்லை.

ஜனவரி 12

பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த பிளவு மூடாமல் பார்த்துக்கொள்ளும் பிரிப்புத் தகடு இந்த மிஷினுக்கு எப்போதுமே இருந்ததில்லை. அந்தப் பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால், கட்டை நம் வயிற்றை நோக்கிப் பாயும். பிளேடின் உடல் 2.2 மில்லிமீட்டர், பல் அறுக்கும் அகலம் 3.2. அதனால் இரண்டுக்கும் நடுவே 2.5 மில்லிமீட்டர் தகட்டை வெட்டிப் பற்றவைக்கச் சொல்லி லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை அக்கா ஜன்னல் காத்திருக்கட்டும்.