பரம்பு, பொத்தை, திரடு: ஒரு மார்கழி-தை நாட்குறிப்பு

5 ஜனவரி 2025, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே மைத்துனன் வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டான். "அத்தான், முதலில் எங்கே?" என்றான். "ஆதிச்சநல்லூருக்கு விடு, மாப்பிள்ளை" என்றேன்.

நில அளவையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வயலை அளக்கும்போது ஓர் அங்குலம் தப்பக்கூடாது என்று உயிரை விடுவோம். மேடுகளுக்கு வந்தால் சுற்றி நாலு கல் நட்டு, பதிவேட்டில் "தீர்வை ஏற்படாத தரிசு" என்றோ "கல்லாங்குத்து" என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். அப்படி எழுதப்பட்ட மேடுகளில் சிலவற்றையாவது நடந்து பார்க்க வேண்டும் என்பது ஓய்வு பெற்ற நாளிலிருந்தே உள்ள ஆசை. எங்கள் சீமையில் சரளும் கல்லுமாக உயர்ந்து கிடப்பது பரம்பு. ஒற்றையாக எழும்பி நிற்கும் பாறைக்குன்று பொத்தை. பழைய ஊர் மண்மூடி மேடானால் திரடு. வாய்க்கால் தண்ணீர் இவற்றில் ஏறாது.

செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டியதும் பரம்பு தெரிந்தது. 114 ஏக்கர். உடைமரமும் ஆவாரையும் தவிர வேறு பச்சை இல்லை. வடக்கே திரும்பினால் தாமிரபரணிக் கரையில் பிசானப் பருவ நெற்பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

பழங்காலத்து இடுகாடு இது. ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் இங்கே 1876-இல் தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேய அதிகாரி 1899-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அகழ்ந்து, தங்க நெற்றிப்பட்டங்களும் வெண்கல மூடிகளும் இரும்பு வாள்களும் எடுத்தார். 2004-05 அகழாய்வில் மட்டும், இறந்தவர்களை வைத்துப் புதைத்த 160-க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. இப்போது குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் திறந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன்மேல் ஏறினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

என் காலுக்கு நேர் கீழே ஒரு தாழி. வயிற்றில் குறுக்காக விரிசல். கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒரு வரிசை. ஓரிடத்தில் இரண்டு பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. சுற்றி வந்த கை, தொடங்கிய இடத்தில் வந்து முடிந்திருக்கிறது. அந்த இடத்தை விட்டு எனக்கு நகர முடியவில்லை.

இன்னொன்றும் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே பாறையைக் குடைந்து குழி எடுத்துத்தான் தாழியை இறக்கியிருக்கிறார்கள். ஆற்றங்கரை வண்டலில் என்றால் அரை நாள் வேலை. வயலை விட்டுவிட்டு, இறந்தவரைச் சுமந்துகொண்டு இந்தக் கல்மேட்டுக்கு ஏறி, பாறையை வெட்டியிருக்கிறார்கள். விளையும் மண்ணை இருப்பவர்களுக்கு வைத்துவிட்டு, விளையாத மண்ணில் அத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். அந்த மண்ணைத்தான் நாங்கள் தரிசு என்று எழுதினோம்.

11 ஜனவரி, சனி

மறுகால்தலை. சீவலப்பேரி பஸ்ஸில் போனேன், மைத்துனனுக்கு வேலை. சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் ஊர் சீவலப்பேரி. அங்கிருந்து ஆட்டோ, பிறகு நடை.

பூவிலுடையார் மலை என்று சொல்கிறார்கள். பெயர்தான் மலை, பொத்தைதான். மேலே குகைத்தளத்தில் கற்படுக்கைகள். சமணத் துறவிகளுக்காக வெட்டியவை. பாறையில் தமிழ் பிராமியில் ஒரே வரி: "வெண்காஸிபன் கொடுபித கல்கஞ்சணம்". வெண்காசிபன் என்பவன் செய்து கொடுத்த கற்படுக்கை என்று பொருள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றும் பெரிது; ஒன்றின்மேல் கையை அகல விரித்துப் பிடித்துப் பார்த்தேன், தொடவில்லை.

மூன்றே வார்த்தை. கொடுத்தவன் பெயர், கொடுத்த பொருள், அவ்வளவுதான். தான் எந்த ஊர், யார் மகன் என்றுகூட அவன் சொல்லவில்லை. நான் எழுதிய பட்டாக்களில் இதைவிட எத்தனையோ மடங்கு விவரம் இருக்கும். அவற்றில் எத்தனை நூறாண்டு தாண்டும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இறங்கும் வழியில் எதிர்ப்புறம் ஒரு சிறு மேட்டைப் பாதி வெட்டி எடுத்திருந்தார்கள். சரள் மண்ணுக்காக. லாரித் தடம் ஈரம் காயாமல் கிடந்தது. வெட்டுமுகத்தில் ஓடு ஏதும் தெரிகிறதா என்று அரை மணி நேரம் தேடினேன். எதுவும் இல்லை. ஆனாலும் வெட்டியவர்கள் முதலில் அப்படி ஒரு முறை பார்த்திருப்பார்களா? அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

16 ஜனவரி, காணும் பொங்கல்

வீட்டில் விருந்தாட்கள். மாலையில் பேரனை மட்டும் கூட்டிக்கொண்டு வல்லநாடு வரை. வெளிமான் காப்பகம் 1987-இல் ஏற்பட்டது. தூரத்தில் முறுக்குக் கொம்போடு ஒரு கலைமான் நின்றது. பேரன் மூச்சு விடவில்லை. இருட்டியதும் திரும்பினோம்.

18 ஜனவரி, சனி

கழுகுமலை. பேரனும் வந்தான். கயத்தாறு வழியாகப் போனதால் கட்டபொம்மன் நினைவிடத்தில் இறங்கி ஒரு நிமிடம் நின்றோம். 1799 அக்டோபர் 16-இல் தூக்கிலிட்ட இடம். அதன் பிறகு கரிசல். சாலையின் இருபுறமும் கறுத்த மண்.

வெட்டுவான் கோவிலுக்கு மேலிருந்து இறங்கித்தான் போக வேண்டும். மலையின் ஒரு பகுதியைச் சுற்றிலும் அகழி போல வெட்டித் தனிப்படுத்தி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. சிகரம் முடிந்திருக்கிறது, விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார், பூதகணங்கள் சிரிக்கின்றன. கீழே வர வர உருவம் மங்கி, அடியில் வெறும் பாறை.

"ஏன் தாத்தா பாதியில் விட்டார்கள்?" என்றான் பேரன். தகப்பன் சிற்பியும் மகன் சிற்பியும் போட்டி போட்ட கதையைச் சொன்னேன். இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். அவன் அதைக் கேட்டபடியே அடிப்பாறைக்குக் குனிந்து உளித்தடங்களை எண்ண ஆரம்பித்துவிட்டான். சாய்வாக, ஒரே அளவில், பக்கம் பக்கமாக வரிகள். சிலை ஆகியிருந்தால் இந்த வரிகள் தேய்ந்து மறைந்திருக்கும். முடியாத இடத்தில்தான் கை வேலை செய்த விதம் தெரிகிறது. எனக்குச் சிகரத்தைவிட அந்த அடிப்பாறை பிடித்திருந்தது.

மேலே ஏறினால் சமணச் சிற்பங்கள். வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சிங்கத்தோடு அம்பிகை, கொடி படர்ந்த பாகுபலி. பல உருவங்களின் கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர் பெயர். எனக்கு வட்டெழுத்து படிக்க வராது. அச்சில் வந்த பாடத்தை எழுதி எடுத்துப் போயிருந்தேன். திருச்சாரணத்துக் குரத்தி, மிழலூர்க் குரத்தி என்று பெண் ஆசிரியர்களின் பெயர்கள் வருகின்றன. குரவனுக்குப் பெண்பால் குரத்தி. "எங்கள் டீச்சர் மாதிரியா?" என்றான். ஆமாம் என்றேன். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறையில் உட்கார்ந்து பாடம் சொன்ன பெண்கள். அந்தப் பெயர்களைச் சத்தமாக இரண்டு முறை படித்தான். பக்கத்தில் அய்யனார் கோவிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

24 ஜனவரி, வெள்ளி

செய்தித்தாள் முழுக்க இரும்புதான். நேற்று சென்னையில் முதலமைச்சர் அறிவித்திருக்கிறார்: சிவகளைத் தாழிகளில் இரும்புப் பொருள்களோடு எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது. இதே ஊர்த் தாழியில் கிடைத்த நெல் உமி கி.மு. 1155 என்று 2021-இல் சொன்னபோதே தூக்கம் வரவில்லை. அறிஞர்கள் இதை அலசட்டும், கேள்வி கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். எனக்கு ஒன்று போதும். அந்த இடத்துக்கு ஊரார் வைத்த பெயர் சிவகளைப் பரம்பு. அதை முதலில் கவனித்துச் சொன்னவர் ஓர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்.

26 ஜனவரி, ஞாயிறு

பேரன் பள்ளியில் கொடியேற்றம் முடிந்து, சட்டைப்பையில் மிட்டாயோடு வந்தான். ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சிவகளை.

பரம்பின் ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன். "அந்தக் காலத்து மனிதர்களுக்குச் சாவு வராதாம் ஐயா. வயது ஏற ஏற உடம்பு சுருங்கிச் சுருங்கிப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவார்களாம். அப்புறம் தாழியில் வைத்து, விளக்கும் சோறும் வைத்து மூடிவிடுவார்களாம்" என்றார். என் அப்பாவைப் பெற்ற ஆச்சியும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன், வார்த்தைகூட மாறாமல். "உங்கள் ஆடு தாழிமேல் ஏறாதா?" என்று பேரன் கேட்டான். "ஏறும் ராசா, விரட்டிவிடுவேன்" என்றார்.

திரும்பும்போது, மழை அரித்த ஓடைக்கரையில் அவன் ஓர் ஓட்டுத்துண்டைக் கண்டான். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, நகக்கண் அளவு தடிமன். எடுக்காமல் என்னைக் கூப்பிட்டான். குனிந்து பார்த்தோம். பிறகு பக்கத்தில் இருந்த எல்லைக்கல்லைக் காட்டி, அங்கிருந்து ஓடு வரை அவனைக் காலால் அளக்கச் சொன்னேன். வடகிழக்கே இருபத்தேழு தப்படி. அவன் கையெழுத்திலேயே என் பழைய அளவைக் குறிப்பேட்டில் எழுதினான்; பக்கத்தில் ஓட்டின் படம் ஒன்றும் வரைந்தான். ஓடு அங்கேயே இருக்கிறது. நாளைக் காலையில் அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்ப வேண்டும்.