நிறம் வராத தட்டு

சென்னையில் வாங்கிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதம்) பாளையங்கோட்டைக்கு இரண்டு நாள் தாமதமாக, ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்தது. தெர்மாகோல் பெட்டிக்குள் ஜெல் பைகள் எப்போதோ உருகிவிட்டன. நடுவே சுண்டுவிரல் உயரக் குப்பி, அதில் 100 மைக்ரோலிட்டர். என் மூன்று மாத உதவித்தொகை அது.

இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் நியூக்ளியோபுரோட்டீனைப் பிடிக்கும் சுண்டெலி மோனோகுளோனல், அதாவது ஒரே வகை ஆன்டிபாடி, வேண்டும் என்று கேட்டது நான்தான். வைரஸின் மேலே இருக்கும் ஹெமக்ளூட்டினின் என்ற புரதம் அடிக்கடி உருமாறும். உள்ளே இருக்கும் நியூக்ளியோபுரோட்டீன் அவ்வளவாக மாறாது. அதனால் எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டு ரகங்களையும் ஒரே ஆன்டிபாடியால் பிடித்துவிடலாம்.

எம்டிசிகே செல்களில்தான் சோதனை. 1958-இல் ஒரு காக்கர் ஸ்பேனியலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த வம்சம். வீட்டில் இதைச் சொன்னதற்கு, "நாய்க் கிட்னியைத் தொட்ட கையோட சோறு திங்காத" என்றாள் ஆச்சி.

96 வெல் (சிறு குழி) உள்ள தட்டில் செல்களை வளர்த்து, பாதிக்கு வைரஸ் கொடுத்து, மறுநாள் 80 சதவீதக் குளிர்ந்த அசிட்டோனில் நிலைப்படுத்தினேன். ஆன்டிபாடியை 1:1000 நீர்த்து ஊற்றி, கழுவி, அதன்மேல் அதைப் பிடிக்கும், எச்ஆர்பி நொதி கோத்த ஆட்டு ஆன்டிபாடி. மறுபடியும் கழுவி, அந்த நொதி பட்டால் நீலமாகும் டிஎம்பி கரைசல். வைரஸ் உள்ள வெல்களில் நீலம் ஏற வேண்டும். பத்து நிமிடம் பார்த்தேன், இருபது நிமிடம் பார்த்தேன். தாமிரபரணித் தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருந்தது.

மறுநாளும் அதே கதை. கூரியர்க்காரர்களைத் திட்டி விற்பனையாளருக்கு நீளமாக ஒரு மெயில் எழுதி, அனுப்பும் முன்பு ஆய்வக அக்காவிடம் காட்டினேன்.

"ஏட்டி, ரெண்டு நாள் வெளிய கெடந்ததுக்கா ஐஜிஜி ஆன்டிபாடி செத்துப்போவும்? மொதல்ல கான்ஜுகேட்டைப் பாரு," என்றார்.

பார்ப்பது ரொம்ப எளிது. சிறு குழாயில் கான்ஜுகேட்டை, அதாவது நொதி கோத்த ஆன்டிபாடியை, துளி விட்டு, டிஎம்பி சேர்த்தால் போதும். எங்கள் கேனிலிருந்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் நீர்த்த குழாயில் ஒன்றுமே வரவில்லை. நொதிதான் போச்சு என்று நினைத்தேன். அக்கா புதிதாகப் பிபிஎஸ் கலக்கச் சொன்னார். அதில் நீர்த்ததும் நொடியில் கருநீலம்.

கேனில் சோடியம் அசைடு இருந்தது. பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடுவது, எச்ஆர்பிக்கு எமன். ஆன்டிபாடிக் குப்பியிலும் கொஞ்சம் அசைடு உண்டுதான், ஆயிரம் மடங்கு நீர்க்கும்போது அது பொருட்டில்லை. கேனில் அப்படியில்லையே. அதிலேயே கான்ஜுகேட்டை நீர்த்து, அதிலேயே கழுவியும் இருக்கிறேன்.

போட்டது யார் என்று ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டினால், தீபாவளிக்கு ஊருக்குப் போகுமுன் போட்டதாக என் கையெழுத்து.

புதுப் பிபிஎஸ்ஸில் மூன்றாம் தட்டு போட்டேன். வைரஸ் ஏற்றிய வெல்களெல்லாம் நீலமாகி, அமிலம் விட்டதும் மஞ்சளாயின. வைரஸ் இல்லாதவை வெளுப்பாகவே நின்றன. மெயிலை அழித்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு சிங்க் பக்கம் போனேன்.

"அங்க ஊத்தாத! செம்பு, ஈயக் கொழாய்ல அசைடு சேந்தா வெடிக்கும்டி!"

கேன் இப்போது கழிவு அலமாரியில், சிவப்பு மையில் என் பெயரோடு இருக்கிறது.