கேசட்டின் வால்

எங்கள் உள்ளூர் சேனலில் கேசட் அலமாரி ஒன்றே ஒன்றுதான். எந்த நேரமும் அதில் அறுபது எழுபது கேசட் இருக்கும். எண்ணிக்கை கூடவே கூடாது. புதிது வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டால், "பழசு ஏதாவது இருக்கும், பாருங்க தம்பி" என்பார். பார்த்து ஒன்றை எடுப்போம், மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிப்போம், அதன் மேலேயே பதிவு செய்வோம். 1997இல் வேலைக்குச் சேர்ந்து 20 ஆண்டுகள் அங்கே இருந்தேன். செய்த வேலைகளில் இன்றுவரை மனத்தை உறுத்துவது அந்தச் சீட்டைக் கிழித்த வேலைதான்.

மயிலாடுதுறையில் கேபிள் இழுத்தவர்கள் முதலில் காட்டியது சினிமா. மொட்டை மாடி அறையில் ஒரு வீடியோ டெக், அதில் ஓடுவதை ஒரு சேனலாக மாற்றி வயரில் அனுப்பும் மாடுலேட்டர் பெட்டி ஒன்று. அங்கிருந்து தென்னை மரத்திலும் மின்கம்பத்திலும் கட்டித் தெருத் தெருவாகப் போன கறுப்பு வயர். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பிறகு இணைப்புக் கேட்டு வருகிறவர்கள் பெருகினார்கள். 1995இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கேபிள்காரர்கள் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. உரிமை வாங்காமல் படம் போடுவதில் நெருக்கடி கூடக்கூட, டெக் பாதி நேரம் சும்மா கிடந்தது. அதில் ஊரையே காட்டினால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றியது. சேனல் பிறந்த கதை அவ்வளவுதான்.

அன்று பல வீடுகளில் இருந்தது 12 சேனல் மட்டும் எடுக்கும் பழைய டிவி. அந்தப் பன்னிரண்டுக்குள் எங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். கடைத்தெருவில் கேமராவைத் தோளில் வைத்தால் போதும், கூட்டம் கூடிவிடும். சாயங்காலம் 15 நிமிடம் உள்ளூர்ச் செய்தி, அப்புறம் பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, பட்டிமன்றம். எடிட்டிங் என்பது இரண்டு டெக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றொன்றில் ஏற்றுவது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நிறம் கொஞ்சம் கரையும். மூன்றாவது முறை ஏற்றினால் சிவப்புப் புடவை விளிம்பு தாண்டி வழியும். அந்தக் குறைக்காக யாரும் எங்களைத் திட்டியதில்லை. தன் பேரன் மேடையில் பாரதி வேடம் போட்டு நிற்பதைப் பார்க்க வந்த பாட்டிக்கு நிறமா முக்கியம்?

காசு வந்தது கீழே ஓடும் ஸ்க்ரோலில்தான். பிறந்தநாள் வாழ்த்து, கடைத் திறப்பு, டியூஷன் விளம்பரம். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாத ஜவுளிக்கடை விளம்பரம்தான் எங்களுக்குப் பாதி வருடச் சம்பளம். இறப்புச் செய்திக்கு மட்டும் பணம் வாங்கக் கூடாது என்று முதலாளி விதி வைத்திருந்தார். அந்த ஒரு விதிக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கேசட் வாங்க அவர் யோசித்ததையும் குற்றமாகச் சொல்லமாட்டேன். மாதக் கடைசியில் மின்கட்டணத்துக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தரங்கம்பாடிப் பக்கம் கடல் உள்ளே வந்துவிட்டது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். கேமராவும் இரண்டு கேசட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. அன்று ராத்திரியிலிருந்து காணாமல் போனவர்களின் புகைப்படங்களைக் காட்டத் தொடங்கினோம். பெயர், ஊர், கடைசியாக உடுத்தியிருந்த துணியின் நிறம். ஈரம் காயாத ரேஷன் கார்டை எடுத்துவந்து அதிலிருக்கும் படத்தைப் போடச் சொன்னவர்கள் உண்டு. பல நாள் அலுவலகத்தைப் பூட்டவே இல்லை. இரவு பகலாக அதே முகங்கள் திரும்பத் திரும்ப ஓடின. ஒரு சிறுவன் அரசு மருத்துவமனையில் இருப்பதை எங்கள் சேனலில் பார்த்துவிட்டு அவனுடைய மாமா வந்து அழைத்துப்போனார். ஒருவன்தான், ஆனாலும் நடந்தது.

அந்தக் கேசட்டுகளில் பாதிக்கு மேல் அடுத்த இரண்டு வருடத்தில் நானே அழித்தேன். 2006 சட்டமன்றத் தேர்தலில் தொடர்ந்து கூட்டங்கள். உச்ச நீதிமன்றம் 2004இல் போட்ட உத்தரவின்படி அரசியல் விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும், அதற்குப் பிரதி எடுத்துக் கொடுக்கக் கேசட் வேண்டும். அலமாரியில் கைக்கு எது வந்ததோ அதை எடுத்தேன். சீட்டில் என் கையெழுத்தில்தான் "சுனாமி 3" என்று எழுதியிருந்தது. கிழித்தேன்.

அப்புறம் ஹார்ட் டிஸ்க் வந்தது. அது நிறைந்ததும் அதையும் அழித்தோம், இன்னும் சுலபமாக. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது கேபிள்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 2017இல் செட்டாப் பாக்ஸ் கட்டாயம் ஆனது. மாடுலேட்டர் எடைக்குப் போனது, எங்கள் சேனலும் நின்றது.

போன வருடம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். அவருடைய அப்பா தவில் வாசித்தவர். பெரிய சபாக்களில் வாசித்தவர் இல்லை, சுற்றுவட்டாரக் கோயில்களில் மட்டும். ஐப்பசிக் கடைசி நாளில் எங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தில் நடக்கும் கடைமுகத் தீர்த்தவாரிக்கு 2000த்திலும் 2001இலும் அவர் வாசித்ததை எங்கள் சேனலில் பார்த்த ஞாபகம் அந்தப் பெண்ணுக்கு. "அப்பா வாசிச்சது வேற எங்கயுமே இல்லண்ணே. அஞ்சு நிமிஷம் இருந்தாப் போதும்" என்றார்.

சரி, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். பரணில் ஒரு சாக்கில் 54 கேசட் கிடந்தன. பாதியில் வெள்ளையாகப் பூஞ்சை. டெக் கிடைப்பதே கஷ்டம். ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016இல் டெக் தயாரிப்பை நிறுத்தியதோடு புது மெஷின் என்பதே இல்லை. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர் தன் பழைய டெக்கைத் துடைத்துக் கொடுத்தார்.

கேசட்டுகளில் இருந்ததெல்லாம் கடைசியாக ஏற்றியவை. கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம். ஆனால் ஒன்றை முடியும்வரை ஓடவிட்டபோது ஒன்று நடந்தது. பதிவு முடிந்தது, சில விநாடி திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஓடியது, பிறகு வேறு ஏதோ தெரிந்தது. மூன்று மணி நேரக் கேசட்டில் இரண்டரை மணி நேரம் புதிதாக ஏற்றினால், மிச்ச அரை மணி நேரத்தில் பழையது அப்படியே இருக்கும். நாங்கள் அதை வால் என்று சொல்வோம். வால் தெரியாமல் இருக்க ஒளிபரப்பில் சட்டென்று கட் செய்துவிடுவோம். இப்போது எனக்கு வால்தான் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கேசட்டையும் கடைசிக்கு ஓட்டிப்போய் அங்கிருந்து பின்னால் வருகிறேன்.

ஒன்றில் யாரோ ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள் ஸ்க்ரோல். ஒன்றில் தரங்கம்பாடிக் கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகுகள், 40 விநாடி. 23ஆவது கேசட்டில் துலாக்கட்டம். நான் எடுத்ததுதான், கை நடுக்கத்திலேயே தெரிகிறது. காவிரியில் இறங்கும் கூட்டம், சுவாமி, குடை. கேமரா சுவாமியை விட்டு நகரவே இல்லை. தவில் சத்தம் மட்டும் ஒரு பக்கமிருந்து நான்கு நிமிடம் கேட்கிறது. வாசிப்பவர் பக்கம் நான் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அதை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். ராத்திரி போன் செய்தார். "ரெண்டு மூணு தடவ கேட்டுட்டேன். அப்பாதானான்னு உறுதியாச் சொல்லத் தெரியலண்ணே. வேற இருந்தா அனுப்புங்க" என்றார்.

இன்னும் 31 கேசட் இருக்கிறது. பூஞ்சை பிடித்தவற்றைத் துடைத்து நிழலில் காயவைத்திருக்கிறேன்.