பார்வைக் கோழி

ஏப்ரல் 19, சனி

பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் வான்கோழி வேட்டைக்கான பொம்மைகளைத் தூசி தட்டினோம். இரண்டு பெட்டை வான்கோழி, ஒரு இளஞ்சேவல். இளஞ்சேவலின் இடது கண்ணில் சாயம் உரிந்திருந்தது. ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன். என் சிவப்புத் தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த நிறத்தைக் கண்டால் எவனாவது சுட்டுவிடுவானாம். பொம்மையைத் தூக்கிப் போவதுகூட ஆரஞ்சுப் பைக்குள்தான்.

திருச்சியிலிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 20

அண்ணன் என் மெசேஜைப் பார்த்துவிட்டான். நீல டிக்.

ஏப்ரல் 21, திங்கள்

மிசௌரியில் வேட்டை சீசன் இன்று தொடக்கம். துப்பாக்கி அவருக்கு, மூட்டை எனக்கு. ஐந்து மணிக்கே தோளைவிட அகலமான ஓக் மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்துக்கொண்டோம். இளஞ்சேவலை இருபது கஜத்தில், எங்களைப் பார்த்தபடி நட்டார். வருகிற சேவல் அதன் முகத்துக்கு நேரே போய்தான் முறைப்பானாம். அப்போது அவன் முதுகு நமக்கு. விரித்த வால் அவன் கண்ணை மறைக்கும். அந்த ஒரு நொடியில்தான் துப்பாக்கியை அசைக்கலாம்.

ஆந்தை கத்தியதும் தூரத்து மரத்திலிருந்து ஒரு சேவல் பதில் கொடுத்தது. அவ்வளவுதான்.

பழந்தமிழில், மற்ற மான்களை இழுக்க வேட்டுவன் கட்டிவைக்கும் பழக்கிய மானுக்கு ‘பார்வை’ என்று பெயர். பெரியவரிடம் சொன்னேன். தலையாட்டினார், புரிந்ததோ என்னவோ.

ஏப்ரல் 22

மழை. போன் இல்லை.

ஏப்ரல் 24

வந்தான். அறுபது கஜத்தில் நின்றுவிட்டான். இறக்கை நுனி தரையில் உரச, வாலை விசிறியாக்கி, கழுத்தை உள்ளிழுத்து ஒரு சுற்று. நின்றான். இன்னொரு சுற்று. மயிலைப் பார்த்து ஆடியது என்று இதைக் கேலி பண்ணியவர்கள் கிட்டே நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வேறு; காதில் விழுவதைவிட நம் விலாவில்தான் தெரிகிறது.

ஏன் கிட்டே வரமாட்டேன் என்கிறான்? பெரியவர் பிறகு சொன்னார்: காட்டு வழக்கப்படி சேவல் கூப்பிடும், பெட்டைதான் தேடிப் போகும். நாங்கள் அதைத் தலைகீழாக்கி, பெட்டைக் குரலில் அவனைக் கூப்பிடுகிறோம். பெட்டை கண்ணுக்குத் தெரிகிறாள், அவனையும் பார்த்துவிட்டாள். அப்புறம் ஏன் அசையாமல் நிற்கிறாள்? வரட்டுமே என்று நிற்கிறான். நாற்பது நிமிடம். திருச்சியில் சாயங்காலம் ஐந்தரை இருக்கும், அண்ணன் கடையில் கூட்டமில்லாத நேரம். பையிலிருந்த போனை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். அசையாதே என்று முறைத்தார்.

கடைசியில் திரும்பி நடந்து போய்விட்டான்.

நாளை பெட்டைப் பொம்மைகள் வேண்டாமாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் தேடிக்கொண்டு வருவானாம்.

ஏப்ரல் 25

வரவில்லை. கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

இரவு “எப்படி இருக்கே” என்று டைப் செய்து அழித்தேன். நான்தான் முதலில் பேசணும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஏப்ரல் 26

பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது. போகவில்லை.

ஏப்ரல் 27

இளஞ்சேவலின் கண்ணில் நான் வைத்த புள்ளி மழையில் கரைந்து கன்னத்தில் வழிந்திருக்கிறது. பெர்மனென்ட் மார்க்கர் வாங்க வேண்டும்.