பழைய டிபிஎம் கோப்பை உபுண்டுவுக்குக் கொண்டுவந்த கதை

கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கும் கடை. அதன் இருப்புக் கணக்கு, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் போட்ட 32 பிட் கம்ப்யூட்டரில் சி புரோகிராம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தது. பதிவுகள் இருந்தது டிபிஎம் கோப்பில்; ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்று சேமிக்கும் எளிய தரவுத்தளம் அது. அதை உபுண்டு லினக்ஸுக்கு மாற்ற வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களிடம் கேட்டால், "மறுபடி கம்பைல் பண்ணினா போதும்" என்று போனை வைத்துவிட்டார்கள். இந்தப் பேச்சை யாரும் நம்பாதீர்கள்.

முதல் தடை என்டிபிஎம்.எச்; டிபிஎம் ஃபங்ஷன்களை சி புரோகிராமுக்கு அறிமுகப்படுத்தும் ஹெடர் கோப்பு. ஃப்ரீபிஎஸ்டியில் டிபிஎம்_ஓபன் போன்ற ஃபங்ஷன்கள் எல்லாம் லிப்சி என்ற அடிப்படை சி நூலகத்துக்குள்ளேயே இருக்கும். உபுண்டுவில் அந்த வேலையைச் செய்வது ஜிடிபிஎம் என்ற தனி நூலகம். அதன் லிப்ஜிடிபிஎம்-டெவ் தொகுப்பு மட்டும் போதாது, பழைய டிபிஎம் ஃபங்ஷன்களைத் தரும் லிப்ஜிடிபிஎம்-கம்பாட்-டெவ்வும் வேண்டும். அப்போதும் ஹெடரின் பெயர் ஜிடிபிஎம்-என்டிபிஎம்.எச். நூலகங்களை இணைக்கும் லிங்க் வரிசையில் கம்பாட் முன்னால், ஜிடிபிஎம் பின்னால்.

கம்பைல் ஆனது, ஓடியது, ஒரு பொருள்கூட இல்லை! எரர் எதுவும் வரவில்லை. "தம்பி, கணக்கெல்லாம் போச்சா?" என்று கடைக்காரர் கேட்டபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது.

போகவில்லை. ஃப்ரீபிஎஸ்டியின் என்டிபிஎம், பெர்க்லி டிபி 1.85 என்ற பழைய தரவுத்தள நூலகத்தின் மேல் நிற்பது; .டிபி என்று முடியும் ஒரே கோப்பில் எழுதும். ஜிடிபிஎம் கம்பாட் தேடுவதோ .பேக், .டிர் என்ற இரண்டை. புரோகிராமில் ஓ_கிரியேட் (கோப்பு இல்லாவிட்டால் உண்டாக்கு என்ற குறி) இருந்ததால், காணாத கோப்புகளைத் தானே வெறுமையாக உண்டாக்கிக்கொண்டது. பெயரை மாற்றியும் பயனில்லை, உள்ளமைப்பே வேறு. தினசரி ஓடும் புரோகிராமில் ஓ_கிரியேட்டை எடுத்துவிடுங்கள். புதுக் கோப்பு உண்டாக்கத் தனிக் கட்டளை வையுங்கள்.

வழி ஒன்றுதான்: பழைய மெஷினிலேயே டிபிஎம்_ஃபர்ஸ்ட்கீ, டிபிஎம்_நெக்ஸ்ட்கீ கொண்டு சாவிகளை வரிசையாக எடுத்து ஒவ்வொரு பதிவையும் டெக்ஸ்டாக எழுதி, பென்டிரைவில் எடுத்துவந்து, இங்கே டிபிஎம்_ஸ்டோர் கொண்டு ஏற்றுவது. மதிப்பை அப்படியே பைட்டுகளாகக் கொட்டக் கூடாது. ஒரு பதிவின் ஃபீல்டுகளைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டுக்குள் லாங் வகை எண் இருந்தது. அங்கே 4 பைட், 64 பிட் உபுண்டுவில் 8 பைட். எல்லா விலையும் குளறுபடியாகியிருக்கும். ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்து எழுதினேன்.

கடைக்காரர் ஒரு பிஸ்டன் ரிங்கின் எண்ணைச் சொன்னார். விலையும் இருப்பும் சரியாக வந்தன. அவர் டீ சொல்லி அனுப்பினார்.

கம்பாட் வேண்டாம், நேராக ஜிடிபிஎம்முக்கே போகிறேன் என்பவர்களுக்கு: பதிவைப் படிக்கும் ஜிடிபிஎம்_ஃபெட்ச் தரும் நினைவகத்தை நீங்கள்தான் ஃப்ரீ செய்ய (விடுவிக்க) வேண்டும். கம்பாட்டின் டிபிஎம்_ஃபெட்ச் தருவதை ஃப்ரீ செய்யவே கூடாது; அடுத்த ஃபெட்ச் அதை அழித்துவிடும், உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.