காலையில் எழாது, மதியம் தாங்காது: அப்பாவின் பழைய கம்ப்யூட்டர்

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் 2012இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று இன்னும் வேலையில் இருக்கிறது. ஹெச்61 போர்டு, பென்டியம் ஜி620, 2 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்கு 2014ஆம் வருடத்தோடு அப்டேட் நின்றுபோனதால் இன்டர்நெட் கொடுப்பதில்லை. ஆனால் அப்பாவின் கல்யாணப் பத்திரிகை வேலை முழுக்க அதில்தான். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருள், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள், இருபது வருடமாகச் சேர்ந்த டிசைன்கள் எல்லாம் அதில் இருப்பதால் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.

சித்திரைக் கடைசி. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நோட்டீஸ் வேலை தலைக்கு மேல் இருந்த நேரத்தில் மெஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும், ஆறேழு தடவை அழுத்திய பிறகுதான் பிடிக்கும். பிடித்துவிட்டால் மதியம் வரை பிரச்சினை இல்லை. மதியம் இரண்டு மணி வெயிலில் முதலில் ஸ்கிரீன் இழுத்து இழுத்து நகரும், அப்புறம் பட்டென்று அணைந்துவிடும். தினமும் காலையில் அப்பா வாசலில் இருந்தே "இன்னாடா, இன்னிக்கும் எழுந்துக்கலயா அது?" என்று கேட்பார்.

கடையில் காட்டினோம். மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, ஏனென்றால் போர்டு போயிருந்தால் நடுவில் அந்த நாலு மணி நேரம் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடும்?

முதல் ஞாயிறு ராமைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் தங்க நிறத் தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்துப் போட்டேன். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. ராம் கணக்கிலிருந்து வெளியே போனது.

அடுத்து சூடு. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரை) சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ப்ரோசசர் 86 டிகிரி காட்டியது. ப்ரோசசர் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் ஃபேனைக் கழற்றினால் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம். பக்கத்து வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது, அங்கிருந்து பறந்து வரும் பஞ்சு அத்தனையும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் போய் அடைத்திருந்தது. அதோடு ஹீட்சிங்கை போர்டில் பிடிக்கும் நாலு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மேலே கிளம்பி நின்றது. ஒரு மூலை தூக்கினால் ப்ரோசசர் மேல் சரியாக உட்காராது, சூடு ஏறத்தான் செய்யும். ப்ரோசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருந்தது. துடைத்து, பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்தி மாட்டினேன். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் கெடும். இப்போது பயாஸில் 52. கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் இது நல்ல எண்.

மதியக் கோளாறு அன்றோடு ஒழிந்தது. காலைக் கோளாறு அப்படியே இருந்தது. நான் தப்பு பண்ணிய இடம் இதுதான், இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்துவிட்டேன். ஒன்று மெஷின் சூடானால் வருகிறது, இன்னொன்று மெஷின் குளிர்ந்து கிடந்தால் வருகிறது. ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

குளிரில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் வயதான கெப்பாசிட்டர்தான், மின்சாரத்தைச் சேமித்துச் சீராகக் கொடுக்கும் உருளை வடிவப் பாகம் அது. உள்ளே இருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் உள் எதிர்ப்பு கூடும், சூடேறினால் குறையும். அதனால் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் போனது. மெஷின் அணைந்திருந்தாலும் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அதன் ஊதா ஒயரில் 5 வோல்ட் வரவேண்டும், பட்டனைக் கவனித்து மற்றதை எழுப்பிவிடுவது அந்த லைன்தான். 4.75க்குக் கீழே போகக்கூடாது. காலை ஆறு மணிக்கு மீட்டர் வைத்தேன், 4.3. அக்காவின் ஹேர் டிரையரை எஸ்எம்பிஎஸ் துளை வழியாக இரண்டு நிமிஷம் காட்டினேன். 4.9! பட்டனை அழுத்தினேன், முதல் அழுத்திலேயே எழுந்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பதில் உயிர் ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். நான் ஒரு நாள் முழுக்கக் கழற்றி வைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைத்தேன். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடுவது நல்லது. எனக்கு 5 வோல்ட் லைனில் இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது, இரண்டும் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட். கே.வி.குப்பம் வழியாக பஸ் பிடித்து வேலூர் போய் 16 வோல்ட், 105 டிகிரி வரை தாங்கும் ரகம் வாங்கினேன். வோல்ட் கூட இருக்கலாம், குறையக்கூடாது. பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டர் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு, எங்கள் ஊர் வெயிலுக்கு 85 டிகிரி ரகத்தை வாங்காதீர்கள். வெள்ளைக் கோடு போட்ட கால் மைனஸ், அதை மட்டும் மாற்றிப் போட்டுவிடக்கூடாது.

இப்போது குளிர்ந்த நிலையிலேயே 5.05.

இடையில் தேதி தப்பாகக் காட்டியதால் போர்டில் இருந்த காசு பேட்டரியையும் மாற்றினேன். 3 வோல்ட் இருக்கவேண்டியது 2.4தான் இருந்தது. மாற்றியதும் எக்ஸ்பி நீலத் திரையில் 7பி (டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்ற பிழை) என்று நின்றது, நெஞ்சு அடைத்துவிட்டது. பேட்டரி கழன்றதில் பயாஸ் பழைய நிலைக்குப் போய், ஹார்ட் டிஸ்கோடு போர்டு பேசும் விதத்தைச் சொல்லும் சாட்டா செட்டிங் ஏஹெச்சிஐ ஆகியிருந்தது. திரும்ப எக்ஸ்பிக்குப் பழகிய ஐடிஇ என்று வைத்ததும் சரியானது.

நோட்டீஸ் வேலையை அப்பா நேரத்துக்கு முடித்துக் கொடுத்துவிட்டார். மூன்று வாரமாக முதல் அழுத்திலேயே எழுகிறது. ஹார்ட் டிஸ்கை மட்டும் இன்னும் நம்பவில்லை. டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் படிக்க முடியாமல் நிற்கும் செக்டார் 8 என்று காட்டுகிறது. டிசைன்களை இரண்டு பென்டிரைவில் எடுத்து வைத்தாயிற்று. வரும் ஞாயிறு வேறு டிஸ்கில் குளோன் (அப்படியே முழு நகல்) பண்ணப் போகிறேன்.