பில் இல்லாத ஈட்டி

கிதார் செய்து தரச் சொல்லி பெரம்பூரில் இருக்கும் என் பட்டறைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "ரோஸ்வுட் தானே போடுவீர்கள்?" என்பதுதான். கழுத்து எவ்வளவு அகலம் வேண்டும், விரலால் மீட்டுவாரா, பிக் வைத்து வாசிப்பாரா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு. ரோஸ்வுட் என்றால் நம் ஈட்டி மரம். கூடலூரிலும் வயநாட்டிலும் குடகிலும் வளர்வது. சென்னையில் இரவு பஸ் ஏறினால் விடிந்ததும் கண்ணில் படும் மரம். அவ்வளவு பக்கத்தில் வளர்வதால் தாராளமாகக் கிடைக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் அதிகம் சண்டை போட்டது இந்த நினைப்போடுதான்.

உலகம் நம் ஈட்டியைத் தேடி வந்ததே இன்னொரு காட்டின் மரம் தீர்ந்துகொண்டு வந்ததால்தான். 1960-கள் வரை அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் தன் உயர்ந்த ரகக் கிதார்களுக்கு பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் பயன்படுத்தியது. அகலமான பலகை கிடைப்பது அரிதானபோது, 1965-ல் டி-35 என்ற மாதிரியைக் கொண்டுவந்தார்கள். வழக்கமாக இரண்டு பலகைகளை ஒட்டிச் செய்யும் முதுகுப்பகுதியை அதில் மூன்றாக ஒட்டியிருந்தார்கள். அழகுக்காகச் செய்தது என்று நினைத்து இன்றும் அதை ரசிப்பவர்கள் உண்டு. பிரேசில் அறுக்காத மரத்தை வெளியே விடுவதை நிறுத்தியதும், 1969-ல் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது. 1992-ல் பிரேசில் ரோஸ்வுட், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போனது. புலி இருக்கும் பட்டியல் அது. மாற்றாக வந்த நம் ஈட்டியும் இப்போது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது.

"தோட்டத்தில் வளர்த்த மரம்தான், காட்டு மரம் இல்லை" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நின்ற ஈட்டி மரங்கள் ஏலத்துக்கு வருவது உண்மைதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிதார் முதுகின் அகலமான இடம் சுமார் 40 சென்டிமீட்டர். இரண்டு பலகையில் செய்தால் ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். பலகை கோணாமல் இருக்க, வளையங்கள் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி, மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுக்க வேண்டும். நடுக்குருத்து வெடித்திருக்கும், அதைக் கழிக்க வேண்டும். பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியையும் கழிக்க வேண்டும். மிச்சமிருக்கும் வைரம் பாய்ந்த கட்டையில் 20 சென்டிமீட்டர் தேறவேண்டும் என்றால், அடிமரத்தின் குறுக்களவு அரை மீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். ஈட்டி மெதுவாகத்தான் பருக்கும். இன்று ஏலத்துக்கு வரும் தோட்டத்து மரத்தை நட்டவர் யாரும் உயிரோடு இல்லை. தோட்டத்து மரம் என்று சொல்பவரிடம், அறுத்த இடத்தில் இப்போது என்ன நட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

அதனால்தான் நான் நான்கு பலகை முதுகு செய்கிறேன். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டினால் போதும். சிறிய கட்டையும், பெரிய கட்டையில் மிஞ்சியதும் பயன்படும். சரியாக ஒட்டினால் வலுவில் ஒரு குறையும் இல்லை. வாடிக்கையாளர் முகம்தான் சுருங்குகிறது.

ஈட்டி முறையாக வரும் வழி ஒன்று உண்டு. வனத்துறை டிப்போவில் ஏலம், ஏலம் எடுத்த மில்லின் ரசீது, மரத்தை ஏற்றிவந்த வண்டிக்கான அனுமதிச் சீட்டு. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாதபடி, தமிழ்நாட்டில் 1994-ல் அந்த மரத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இவ்வளவு இருந்தும் சூளைப் பக்கம் ஒரு மரவாடியில், "அண்ணே, இதற்கு ஏலச் சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, சீட்டு வேண்டுமென்றால் சீட்டை வாங்கிக்கொண்டு போ, மரம் வேண்டுமென்றால் மரத்தை வாங்கிக்கொண்டு போ. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நான் எங்கே போவேன்?" என்றார். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

சீட்டு இல்லாத மரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வயநாட்டில் முட்டில் என்ற ஊர் ஒரு பாடம். பட்டா நிலத்தில் மரம் வெட்டுவது பற்றி 2020-ல் கேரள அரசு போட்ட ஓர் உத்தரவைக் காட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். உண்மையில் அந்த நிலங்களில் ஈட்டியின் மேல் உரிமை அரசுக்குத்தான். வெட்டப்பட்டவற்றில் பல நூறு வயது மரங்களும் இருந்தன. வழக்கு இருக்கிறது, மரம் திரும்பி வராது.

சர்வதேச விதிகளும் எங்களை ஆட்டிவைத்தன. 2017 ஜனவரியில் ஈட்டியின் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். சீனாவில் செம்மை நிற மர நாற்காலி, மேசைகளுக்கு எழுந்த பசிதான் அதற்குப் பெரிய காரணம். கிதார் செய்பவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். வெளிநாட்டுக்கு ஒரு கிதார் விற்க வேண்டுமென்றாலும் அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. அறுத்த பலகைக்கும் கிடையாது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அதில் பாதி மகிழ்ச்சிதான். கிதாரை அனுப்பும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை என்றானபின், மரத்தை வாங்கும்போதும் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விட்டது.

செம்மரம் வேண்டுமா என்று கேட்டு வருபவர்களும் உண்டு. அரசு ஏலத்தில் எடுத்த செம்மரம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வராது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து கூலிக்குப் போனவர்கள். கோடாரி பிடித்த கை மட்டும்தான் மாட்டியது, மரத்தை வாங்குபவன் எங்கோ சௌக்கியமாக இருந்தான். அந்த மரத்தில் நான் தந்திகளைத் தாங்கும் ஒரு பிரிட்ஜ் கூடச் செதுக்க மாட்டேன்.

கருங்காலி விஷயம் வேறு. கழுத்தின் மேல் தந்தியை அழுத்தும் விரல் பலகை துளி வெள்ளை இல்லாமல் கருகருவென்று இருக்க வேண்டும் என்பது வாங்குபவர்களின் பிடிவாதம். அமெரிக்காவின் டெய்லர் நிறுவனம் 2011-ல் ஒரு ஸ்பானிய நிறுவனத்தோடு சேர்ந்து கேமரூனில் கருங்காலி அறுக்கும் மில்லை வாங்கியது. முழுக் கறுப்பாக ஒரு மரம் கிடைக்க, பத்து மரங்களைச் சாய்த்து, கோடு ஓடியவற்றைக் காட்டிலேயே விட்டுவருகிறார்கள் என்று அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் டெய்லருக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கோடு ஓடிய கருங்காலியையும் தங்கள் கிதார்களில் போடத் தொடங்கினார்கள். கறுப்போ கோடோ, மரம் ஒன்றுதான், தேய்மானமும் ஒன்றுதான். நம் ஊரிலும் கருங்காலி மாலை மோகம் வந்தபிறகு, விரல் பலகையில் சீவிய துண்டுகளைக் கேட்டுக்கூட ஆட்கள் வருகிறார்கள். கிரகம் சரியாகுமா என்று தெரியாது, என் குப்பைக்கூடை சுத்தமாகிறது.

சரி, ஈட்டி இல்லாவிட்டால் நாதம் போய்விடாதா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரே வடிவில் ஆறு கிதார்கள் செய்ய வைத்தார்கள். முதுகு, பக்க மரம் மட்டும் வேறு வேறு. பிரேசில் ரோஸ்வுட்டும் இந்திய ஈட்டியும் மகோகனியும் அதில் அடக்கம். 52 கிதார் கலைஞர்களின் கண்ணுக்கு மரம் தெரியாமல் செய்து வாசிக்கச் சொன்னார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்பெயினின் கிதார் செய்பவர் அந்தோனியோ தே தோரஸ் 1862-லேயே முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, மேல் பலகையில்தான் விஷயம் இருக்கிறது என்று காட்டிவிட்டார். இதைச் சொன்னால் என் வாடிக்கையாளர்கள் தலையாட்டுவார்கள். பிறகு, "இருந்தாலும் ரோஸ்வுட்..." என்பார்கள்.

என் பதில் பலா. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பலாதான். அதை யாரும் காட்டில் போய்த் திருடுவதில்லை. தோப்பில் நின்று ஆண்டுதோறும் ஊருக்குப் பழம் போட்டுவிட்டு, காய்ப்பு ஓய்ந்தபின் பட்டறைக்கு வருகிறது. நான் இப்போது இழைத்துக்கொண்டிருப்பவை 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் சாய்த்த மரங்களில் அறுத்தவை. அறுத்த தேதி பலகையில் சாக்பீஸால் எழுதியபடியே இருக்கிறது. விற்ற விவசாயி ஒரு தாளில் சர்வே எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மரவாடியில் கிடைக்காத சீட்டு. புதிதாக இழைத்தால் மஞ்சளாக இருக்கும், நாளாக நாளாகப் பழுப்பேறும். ரேகை பின்னிக்கொண்டு போவதால் இழைப்புளி பிய்த்துக்கொண்டு வரும். உளியையும் தகட்டையும் அடிக்கடி தீட்ட வேண்டும். தட்டினால் ஈட்டி மணிபோல நீண்டு ஒலிக்கும், பலா சட்டென்று பேசி நிறுத்தும். எனக்கு அது பிடிக்கும்.

இன்னொரு வழி பழைய வீட்டு மரம். ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் வீடு இடிக்கும்போது வரும் ஈட்டிக் கட்டில்கள், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எப்போதாவது தென்படும் உடைந்த பீரோக்கள். வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்வேன். ஆணி மறைந்திருந்தால் ரம்பத்தின் பல் போகும், அந்தச் செலவை விலையில் சேர்த்துவிடுவேன்.

மேல் பலகைக்கு மட்டும் வழி தெரியவில்லை. அது இன்னும் கடல் கடந்து வரும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம்தான். அலாஸ்கா பக்கம் அதையும் வயதான மரங்களிலிருந்துதான் அறுக்கிறார்கள். பலாவை வைத்துக்கொண்டு நான் ரொம்பவும் நெஞ்சை நிமிர்த்த முடியாது.

கிதார் வேண்டுபவர்களுக்கு: ஈட்டி கேட்டால், ஏலச் சீட்டுள்ள மரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், எவ்வளவு நாள் என்று இப்போது சொல்ல முடியாது. பலா தயாராக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் அதிகம், அப்போது நான் முதுகும் மேல் பலகையும் ஒட்டுவதில்லை. அதனால் இந்த ஆண்டுக்கான கிதார்கள் பொங்கலுக்குப் பிறகுதான். பலாவுக்குத் தள்ளுபடி கேட்காதீர்கள். இழைக்க ஈட்டியைவிட அதுதான் அதிக நேரம் எடுக்கிறது.